65ஆம் எண்ணிலிருந்து ஜெனீவா வரை: க்ரீ மூத்தவர் வில்ட்டன் லிட்டில்சைல்ட்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் மாகாணங்களின் நடுப்பகுதியில் இருக்கும் க்ரீ ஊர்களில் ஆண்டுக்கு ஒரு நாள் மேசை போட்டு உட்காருவார்கள். மத்திய அரசு அதிகாரி, பக்கத்தில் சிவப்புக் கோட்டு அணிந்த காவலர், எதிரே வரிசையாகக் குடும்பங்கள். பட்டியலில் பெயரைச் சரிபார்த்து ஒவ்வொருவர் கையிலும் ஐந்து டாலர் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்கும் ஐந்து, கைத்தடி ஊன்றி வரும் பாட்டிக்கும் ஐந்து. 1876இல் பிரிட்டிஷ் முடியரசின் பெயரில் கனடா அரசு க்ரீ முதலான மக்களோடு எழுதிய ஆறாம் ஒப்பந்தத்தில் தலைக்கு ஆண்டுதோறும் ஐந்து டாலர் என்று இருக்கிறது, அந்தத் தொகை இன்றுவரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. அன்றைக்கு அது காசு, இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே காணாது. ஆனாலும் மக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பணம் கை மாறும்போது ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதாக ஆகிறது, அதுதான் காரணம்.

இந்த ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நாடு நாடாக அலைந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். வில்ட்டன் லிட்டில்சைல்ட். ஊரில் வில்லி. 1944 ஏப்ரல் 1 அன்று பிறந்தவர். வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், ஐநா நிபுணர், உண்மை ஆணையத்தின் ஆணையர், நீச்சல் வீரர், ஹாக்கி ஆட்டக்காரர் என்று பட்டியல் நீளும். ஆனால் பட்டியலாகப் படித்தால் இந்த மனிதர் பிடிபடமாட்டார். அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்களில் பின்னால் யாரோ இருந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஊர் மூத்தவர்கள், இதைச் செய்துவிட்டு வா என்று அனுப்பியவர்கள். அவர் போனார், செய்தார், திரும்பி வந்து சொன்னார். க்ரீ மக்களிடையே தலைமை என்றால் என்ன என்பது எனக்கு அந்தப் போக்குவரத்தில்தான் விளங்கியது.

முதலில் க்ரீ என்பவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கனடாவின் முதற்குடிகளில் மிகப் பெரிய இனங்களில் ஒன்று. கிழக்கே கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடாவிலிருந்து மேற்கே ஆல்பர்ட்டாவின் மலையடிவாரம்வரை பரவி இருப்பவர்கள். நம் பாடப்புத்தகங்கள் செவ்விந்தியர் என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டன, அந்தச் சொல்லை இனி நாம் விட்டுவிடலாம். சமவெளி க்ரீ மக்கள் தங்களை நெஹியவ் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எட்மன்டனில் வேலைக்கும் படிப்புக்கும் போய்க் குடியிருக்கிற தமிழர்கள் பலருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவர்கள் வீடு இருப்பதும் இந்த ஆறாம் ஒப்பந்த மண்ணில்தான்.

மூத்தவர் என்பது அவர்களிடம் வயதைக் குறிக்கும் சொல் மட்டும் இல்லை. எண்பது வயதானவர் எல்லாரும் மூத்தவர் ஆகிவிடுவதில்லை. தேர்தல் கிடையாது, நியமன உத்தரவும் கிடையாது. ஆலோசனை கேட்க மக்கள் யாரைத் தேடிப் போகிறார்களோ அவர் மூத்தவர். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. கொஞ்சம் புகையிலையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், வந்த காரியத்தைச் சொல்லி, அவர் முன் நீட்ட வேண்டும். அவர் அதைக் கையில் வாங்கினால் கேட்டதை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். வாங்கிய பிறகு அவரால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஓர் ஒப்பந்தம்தான்.

ஆறாம் ஒப்பந்தத்தையும் க்ரீ மக்கள் அப்படித்தான் பார்த்தார்கள். 1876 ஆகஸ்டில், இன்றைய சஸ்காட்செவனில் இருக்கும் கார்ல்ட்டன் கோட்டையில் பேச்சு நடந்தது. காட்டெருமைக் கூட்டங்கள் கண்முன்னே அழிந்துகொண்டிருந்தன, சில ஆண்டுகளுக்கு முன்புதான் பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த நிலையிலும் தலைவர்கள் பேரம் பேசினார்கள். பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசு உதவ வேண்டும், ஊரில் ஒரு மருந்துப் பெட்டி வைக்க வேண்டும் என்று எழுத வைத்தார்கள். இன்றைக்கு ஆறாம் ஒப்பந்த மக்கள் மருத்துவ வசதியை உரிமையாகக் கேட்பது அந்த மருந்துப் பெட்டி வரியைக் காட்டித்தான். சடங்குக்குழாய் புகைத்து, சூரியன் ஒளிரும்வரை, புல் வளரும்வரை, ஆறு ஓடும்வரை என்று வாக்குக் கொடுத்து முடித்தார்கள். எர்மின்ஸ்கின் என்ற க்ரீப் பிரிவின் மக்கள், அதாவது லிட்டில்சைல்டின் முன்னோர்கள், அடுத்த ஆண்டு 1877இல் சேர்ந்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் எழுதிய தாளில் நிலத்தை முழுமையாக விட்டுக்கொடுக்கிறோம் என்று இருக்கிறது. மூத்தவர்கள் வாய்மொழியாகக் காத்துவந்த கதையில் அப்படி ஒன்றும் இல்லை. ஏர் உழும் ஆழத்துக்கு மட்டும் மண்ணைப் பகிர்ந்துகொள்கிறோம் என்றுதான் பேச்சு என்கிறார்கள். ஒரே நாள், ஒரே கூட்டம், இரண்டு ஒப்பந்தங்கள். எழுதியவர்கள் எழுதியதை வைத்துக்கொண்டார்கள், கேட்டவர்கள் கேட்டதை வைத்துக்கொண்டார்கள்.

அதே 1876இல் தலைநகர் ஒட்டாவாவில் இன்னொன்று நடந்தது. இந்தியன் சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தம் இருவரைச் சமமாக உட்கார வைத்தது, இந்தச் சட்டமோ ஒருவரை இன்னொருவரின் பொறுப்பில் விடப்பட்ட சிறுபிள்ளை ஆக்கியது. அதன் முதல் வடிவத்தில் ஒரு பிரிவு உண்டு: பல்கலைக்கழகத்தில் மருத்துவமோ சட்டமோ படித்துப் பட்டம் வாங்கிய முதற்குடி மனிதருக்கு அந்த நிமிடமே முதற்குடித் தகுதி போய்விடும். படித்தால் நீ உன் மக்களின் ஆள் இல்லை. 1895இல் சூரிய நடனம் போன்ற சடங்குகளுக்குத் தடை வந்தது. 1927இல் நில உரிமை வழக்குக்காகப் பணம் திரட்டுவதும் அதற்கு வக்கீல் வைப்பதும் குற்றமாயின. இந்தத் தடைகள் நீங்கியது 1951இல். ஒப்பந்த உரிமையை விடாமல் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை வந்தது 1960இல், அப்போது லிட்டில்சைல்டுக்குப் பதினாறு வயது.

அவர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். வீட்டில் க்ரீ மொழி. ஆறு வயதில் உறைவிடப் பள்ளிக்கு, அதாவது முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பள்ளிக்கு, அனுப்பப்பட்டார், பதினான்கு ஆண்டுகள் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். எர்மின்ஸ்கின் உறைவிடப் பள்ளி கத்தோலிக்கத் திருச்சபை நடத்தியது, கனடாவிலேயே பெரிய பள்ளிகளில் ஒன்று. உள்ளே நுழைந்ததும் அவருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். 65. பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், எண்ணைச் சொல்லித்தான். அங்கே தனக்கு நேர்ந்த கொடுமைகளைப் பின்னாளில் பொதுமேடைகளில் அவரே பேசியிருக்கிறார். ஒரு குழந்தை தன் பெயரைவிட ஓர் எண்ணுக்குச் சட்டென்று திரும்பிப் பார்க்கப் பழகிவிடுவது எப்படிப்பட்டது என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே மனசு வரவில்லை.

அவரைக் காப்பாற்றியது விளையாட்டு என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஹாக்கி, நீச்சல், பேஸ்பால். பனித்தளத்தில் இறங்கினால் கொஞ்ச நேரமாவது யாரும் அடிக்கமாட்டார்கள், அங்கே அவன் ஓர் ஆட்டக்காரன். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய் 1967இல் உடற்கல்வியில் பட்டம் வாங்கினார், பிறகு முதுகலையும் முடித்தார். முதற்குடி விளையாட்டு வீரர்களுக்குத் தரப்படும் டாம் லாங்போட் விருது அவருக்கு இரண்டு முறை கிடைத்தது. டாம் லாங்போட் 1907 பாஸ்டன் மாரத்தானில் வென்ற ஒனொண்டாகா இன ஓட்டக்காரர். பிறகு லிட்டில்சைல்ட் எத்தனை பெரிய சபைகளில் உட்கார்ந்தாலும் விளையாட்டை விடவே இல்லை, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

1960களின் கடைசியில் எர்மின்ஸ்கினில் நிலைமை நெருக்கடியாக இருந்தது. எண்ணெய்ப் பணம் வந்தது, கூடவே குடியும் வந்தது, குடும்பங்கள் சிதைந்தன. அங்கே தலைவராக இருந்த ராபர்ட் ஸ்மால்பாய் 1968இல் ஒரு முடிவு எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு, ஒதுக்கிடத்தை, அதாவது முதற்குடிகளுக்கென அரசு ஒதுக்கிய நிலத்தை, விட்டு, ராக்கி மலையடிவாரத்தில் கூட்டெனே சமவெளிக்குப் போய்க் கூடாரம் அடித்து, பழைய முறையில் வாழத் தொடங்கினார். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், அதே ஊரிலிருந்து அதே காலத்தில் இரண்டு திசைகளில் இரண்டு பேர் போனார்கள் என்பது. ஒருவர் மலைக்கு, ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒருவரை மரபுக்காரர் என்றும் மற்றவரை நவீனர் என்றும் பிரித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் பிள்ளைகள் க்ரீயாகவே வளர வேண்டும் என்பதுதான் இரண்டு பயணத்துக்கும் காரணம்.

1976இல் லிட்டில்சைல்ட் சட்டப் பட்டம் வாங்கினார். ஆல்பர்ட்டாவில் ஒப்பந்த முதற்குடியினரில், அதாவது அரசோடு ஒப்பந்தம் செய்த இனத்தவரில், சட்டம் படித்துப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். ஒப்பந்தத்துக்கும் இந்தியன் சட்டத்துக்கும் சரியாக நூறு வயது. எந்தப் பட்டத்தை வாங்கினால் நீ உன் மக்களில் ஒருவன் இல்லை என்று 1876இல் எழுதினார்களோ, அந்தப் பட்டத்தோடு அவர் தன் மக்களிடமே திரும்பி வந்தார். அலுவலகத்தை எர்மின்ஸ்கின் ஒதுக்கிடத்திலேயே வைத்தார். ஊரார் அவருக்குக் கௌரவத் தலைவர் பட்டம் சூட்டினார்கள். இறகுத் தலையணி என்பது அங்கே அலங்காரப் பொருள் இல்லை. அதைத் தலையில் வைத்தவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும்.

கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒட்டாவாவிடம் பேசிப் பேசிச் சலித்துப்போன மூத்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒப்பந்தம் என்பது இரண்டு நாடுகள் செய்துகொள்வது. அப்படியென்றால் அதைப் பேச வேண்டிய இடம் உலக நாடுகள் கூடும் சபை. இந்த யோசனை புதிதல்ல, 1923இலேயே கயூகா இனத் தலைவர் டெஸ்காஹே ஜெனீவாவுக்குப் போய் அன்றைய சர்வதேசச் சங்கத்தின் கதவைத் தட்டினார், அவரைப் பேசவே விடவில்லை. 1977இல் அதே ஜெனீவாவில் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள் பற்றி ஒரு மாநாடு நடந்தது. லிட்டில்சைல்டின் ஐநா பயணம் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. கைக்குழந்தை போல ஒரு சட்டப் பட்டம், வாய்மொழியாகக் கேட்ட ஒப்பந்தக் கதை, அவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

அங்கே வேலை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் அதன் கனம் தெரியும். 1982இல் ஐநாவில் பூர்வகுடிகளுக்கென ஒரு பணிக்குழு அமைந்தது. ஒவ்வொரு கோடையிலும் ஜெனீவாவில் கூடுவார்கள். எங்கெங்கிருந்தோ பூர்வகுடிப் பிரதிநிதிகள் காசு திரட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பல ஆண்டுகள் ஒரு சண்டை ஓர் எழுத்துக்காக நடந்தது. ஆங்கிலத்தில் மக்கள் என்ற சொல்லின் கடைசியில் ஓர் ‘எஸ்’ சேர்த்தால் அது மக்களினங்கள் ஆகும். மக்களினங்களுக்குச் சர்வதேசச் சட்டத்தில் தன்னாட்சி உரிமை உண்டு, வெறும் மக்களுக்குக் கிடையாது. அந்த எஸ்ஸைத் தர அரசுகளுக்கு மனம் இல்லை. வெளியாளுக்கு இது சில்லறைச் சண்டையாகத் தெரியலாம், ஆனால் 1876இல் ஒரு வார்த்தை மாறியதால் நிலத்தையே இழந்தவர்களுக்கு ஓர் எழுத்தின் விலை தெரியும்.

முப்பது ஆண்டுகள். 2007 செப்டம்பர் 13 அன்று ஐநா பொதுச்சபை பூர்வகுடி மக்களினங்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. 46 உறுப்புகள். எதிர்த்து ஓட்டுப் போட்டவை நான்கே நாடுகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அப்புறம் கனடா. எந்த நாட்டோடு ஒப்பந்தம் செய்தார்களோ அந்த நாடே எதிர்த்தது. 37ஆம் உறுப்பு ஒப்பந்தங்களைப் பற்றியது: அரசுகளோடு செய்த ஒப்பந்தங்கள் அங்கீகரிக்கப்படவும் கடைப்பிடிக்கப்படவும் பூர்வகுடிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. அந்த வாசகத்தைப் படிக்கும்போது எனக்குக் கார்ல்ட்டன் கோட்டையின் சடங்குக்குழாய்தான் ஞாபகம் வருகிறது. கனடா 2010இல் அரைமனதோடு ஆதரவு சொன்னது, 2016இல் முழு ஆதரவு என்றது, 2021 ஜூனில்தான் அதைச் செயல்படுத்த ஒரு சட்டம் இயற்றியது. 1977இல் கிளம்பியவருக்கு அப்போது 77 வயது.

இதற்கு நடுவில் 1988இல் வெட்டாஸ்கிவின் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். முற்போக்குப் பழமைவாதக் கட்சி, ஒரே தவணை, 1993வரை. ஒப்பந்த முதற்குடியினரில் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்தான். (அதற்கு முன்பே 1968இல் லென் மார்ச்சண்ட் என்ற ஒக்கனாகன் இனத்தவர் தேர்வாகியிருந்தார், ஆனால் அவர் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர், அந்த மாகாணத்தின் பெரும்பகுதியில் ஒப்பந்தமே கிடையாது.) அவருடைய நாடாளுமன்ற ஆண்டுகள் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை, ஆனால் அந்தத் தொகுதியின் பெயர் முக்கியம். வெட்டாஸ்கிவின் க்ரீச் சொல். சமாதானம் செய்துகொண்ட குன்றுகள் என்று பொருள். க்ரீகளும் இன்னொரு முதற்குடியான பிளாக்ஃபுட் மக்களும் காலகாலமாகச் சண்டையிட்டு, அங்கே சமாதானம் செய்துகொண்டதாகச் சொல்கிறார்கள். ஒப்பந்தம் செய்வது எப்படி என்று ஆங்கிலேயர் வந்து அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

சரி, விளையாட்டுக் கதை. 1977இல் ஸ்வீடனின் கிருனா நகரில் பூர்வகுடிகளின் உலக மன்றம் கூடியபோது, உலகப் பூர்வகுடிகளுக்கென ஒரு விளையாட்டு விழா வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். 1990இல் எட்மன்டனில் வட அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டுகள் முதன்முறை நடந்தன, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். உலக அளவிலான விழா 2015இல் பிரேசிலின் பால்மாஸில் நடந்தது, சொன்ன நாளிலிருந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அடுத்தது 2017இல் அவருடைய சொந்த ஊர்ப் பக்கமே வந்தது. அடி வாங்கும் பள்ளியில் ஒரு பையனுக்குக் கிடைத்த ஒரே மறைவிடத்தை அவர் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடப் பார்த்தார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

2009இல் வந்த வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்க அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் முதலில் நியமித்தவர்கள் விலகிவிட, மூன்று பேர் புதிதாக வந்தார்கள்: தலைவராக அனிஷினாபே இன நீதிபதி மரே சின்கிளேர், பத்திரிகையாளர் மேரி வில்சன், லிட்டில்சைல்ட். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆறாயிரத்துக்கும் அதிகமான சாட்சியங்கள். சின்கிளேரும் வில்சனும் கேட்டவர்கள். லிட்டில்சைல்ட் கேட்டவர் மட்டும் அல்ல, ஒவ்வொரு நாளும் மேடையேறி அழுபவர் சொல்வது லிட்டில்சைல்டுக்கும் நடந்ததுதான்.

அந்த அமர்வுகளில் ஒரு வழக்கம் இருந்தது. அழுபவர்கள் கண் துடைத்த தாள்களைக் குப்பையில் போடவிடமாட்டார்கள். உதவியாளர்கள் காகிதப் பைகளோடு வரிசை வரிசையாக வந்து அந்தத் தாள்களைச் சேகரிப்பார்கள். வெளியே மூட்டியிருக்கும் புனித நெருப்பில் அவற்றைப் போடுவார்கள். கண்ணீரையும் ஒரு காணிக்கையாக நடத்தினார்கள். ஆணைய அறிக்கையின் ஆயிரக்கணக்கான பக்கங்களைவிட, பண்பாட்டு ஆதரவு என்று அலுவலக மொழியில் சொல்கிறார்களே, அது என்ன என்பதை எனக்குச் சொன்னது இந்தக் காகிதப் பை.

2015இல் ஆணையம் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. ஐநா பிரகடனத்தை ஏற்கச் சொல்லும் அழைப்பு அதில் இருக்கிறது. முதற்குடி விளையாட்டு வீரர்களின் கதையைச் சொல்லவும், வட அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டுகளுக்கு நிலையான நிதி கொடுக்கவும் சொல்லும் அழைப்புகளும் இருக்கின்றன, அவை யார் கைவண்ணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 58ஆவது அழைப்பு போப்பாண்டவர் கனடா மண்ணில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது.

அதற்குள் ஊரிலும் சில மாறியிருந்தன. எர்மின்ஸ்கின் மக்கள் வாழும் அந்த ஊருக்கு நூறாண்டுக்கும் மேலாக ஹோபெமா என்று பெயர். 1891 வாக்கில் ரயில் பாதை போட்டபோது கனடியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் தனக்குப் பிடித்த டச்சு ஓவியர் ஒருவரின் பெயரை அந்த நிறுத்தத்துக்கு வைத்துவிட்டார். 2014 ஜனவரி 1 முதல் அது மஸ்குவாச்சீஸ், கரடிக் குன்றுகள். மக்கள் வீட்டில் எப்போதும் சொல்லிவந்த பெயர். 2018இல் அங்கிருக்கும் நான்கு க்ரீ நாடுகளும் சேர்ந்து தங்கள் பதினொரு பள்ளிகளையும் ஒரே கல்வி அமைப்பின் கீழ் கொண்டுவந்தன. பாடத்திட்டத்தின் நடுவில் க்ரீ மொழியும் க்ரீ வாழ்முறையும்.

2022 ஏப்ரல் 1 அன்று ரோமில், கனடாவிலிருந்து போன குழுவினர் முன் போப் பிரான்சிஸ் முதல்முறை வருத்தம் தெரிவித்தார். லிட்டில்சைல்ட் அந்தக் குழுவில் ஒருவர், அன்று அவருக்கு 78 வயது நிறைந்தது. ஜூலை 25 அன்று போப் மஸ்குவாச்சீஸுக்கே வந்தார், பழைய எர்மின்ஸ்கின் பள்ளி இருந்த இடத்துக்குப் பக்கத்தில். முதலில் கல்லறைத் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார், பிறகு நடனம் நடக்கும் வட்டப் பந்தலுக்கு வந்தார். வரவேற்றுப் பேசியவர் லிட்டில்சைல்ட். போப் மன்னிப்புக் கேட்டு முடித்ததும் லிட்டில்சைல்ட் ஓர் இறகுத் தலையணியை எடுத்துப் போப்பின் தலையில் வைத்தார்.

அந்த ஒரு செயல் பலரைப் புண்படுத்தியது. தலையணி சம்பாதிக்க வேண்டிய ஒன்று, இந்தத் திருச்சபையின் தலைவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று முதற்குடி மக்களே கேட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அங்கே தலையணி வைத்தால் கடமையையும் சேர்த்து வைக்கிறார்கள் என்று முன்னால் சொன்னேன். வந்தவர் தலையில் அந்தக் கடனை ஏற்றித்தான் அனுப்பினார் என்று படிக்கவும் இடம் இருக்கிறது. இரண்டில் எது என்று அந்த ஊர்க்காரர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைய படங்களில் இன்னொன்று உண்டு. பந்தலுக்குள் சிலர் நீளமான ஒரு சிவப்புத் துணியை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். ஐம்பது மீட்டர் இருக்கும். உறைவிடப் பள்ளிகளிலிருந்து வீடு திரும்பாத நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் அதில் எழுதியிருக்கின்றன. எண்கள் இல்லை, எல்லாம் பெயர்கள். துணி மேடைக்கு முன்னால் வந்து நின்றது. அந்த மேடையில்தான் ஒரு காலத்தில் 65 என்று கூப்பிடப்பட்டவர் உட்கார்ந்திருந்தார்.